மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏன் நகரவில்லை? கிளாட் எழுதும் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் படிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். வரும் டிசம்பரில், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுத இருக்கிறேன். அத்தை மகன் கொடுத்த பழைய கைடு ஒன்றை முழுவதும் முடித்துவிட்டேன். அரசமைப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், லத்தீன் சட்டத் தொடர்கள் எல்லாம் மனப்பாடம். ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு இரண்டு மாதிரித் தேர்வுகள் எழுதுகிறேன். ஆனாலும் மதிப்பெண் 120-க்கு 58, 60 என்றே நிற்கிறது. கடைசியாக எழுதியதில் 118 கேள்விகளுக்கு விடையளித்தேன். 70 சரி, 48 தவறு. தமிழ் வழியில் படித்ததுதான் காரணமா? இன்னும் அதிகமாக மாதிரித் தேர்வுகள் எழுத வேண்டுமா? இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு இடைவெளி விட்டு மீண்டும் எழுதலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே கிளாட் எழுதும் மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்து வருபவன் என்ற முறையில், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி எதுவென்றால், மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் எத்தனை சரி, எத்தனை தவறு என்று நீங்கள் பிரித்து எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான். இரண்டு மணி நேரத்தில் 118 கேள்விகளைத் தொட்டிருக்கிறீர்கள். அப்படியானால் வேகம் உங்களுக்குக் குறையில்லை. தொட்டதில் 48 தவறாகி, ஒவ்வொரு தவறும் கால் மதிப்பெண்ணைக் குறைத்து, 70-இலிருந்து 12 போய் 58-இல் நிற்கிறீர்கள். இதே 118-இல் 90 சரியாகி 28 மட்டும் தவறியிருந்தால் உங்கள் மதிப்பெண் 83. இந்த இருபது கேள்விகளுக்காக நீங்கள் புதிதாக ஒரு புத்தகத்தையும் படிக்க வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. கண்ணெதிரே அச்சடித்துக் கொடுத்திருக்கும் பத்தியை இன்னும் கவனமாகப் படிக்கப் பழகினாலே அவற்றில் பெரும்பாலானவை உங்கள் பக்கம் வந்துவிடும்.

முதலில் அந்தக் கைடைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளாட் 2008-இல் தொடங்கியது. 2019 வரை 200 கேள்விகள் கொண்ட தேர்வாக இருந்தது. பொது அறிவும் சட்டப் பகுதியும் ஆளுக்கு 50 கேள்விகள் என்று பாதித் தாளைப் பிடித்துக்கொண்ட அந்தக் காலத்தில், நினைவில் வைத்திருப்பவருக்கு நேரடியான பலன் இருந்தது. 2020-இல் தேர்வின் அடிப்படையே மாறியது. பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் முறை எல்லாப் பகுதிகளுக்கும் வந்தது. கேள்விகள் 150 ஆகின. பிறகு 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120 ஆகக் குறைந்தன. இப்போதைய அமைப்பில் ஆங்கிலத்தில் 22 முதல் 26 வரை, நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும் சேர்ந்து 28 முதல் 32 வரை, லீகல் ரீசனிங் எனும் சட்டப் பகுதியில் 28 முதல் 32 வரை, லாஜிக்கல் ரீசனிங் எனும் தர்க்கப் பகுதியில் 22 முதல் 26 வரை, கணக்கில் 10 முதல் 14 வரை என்று கேள்விகள் வருகின்றன. சட்டப் பகுதிக்கு முன்கூட்டிய சட்ட அறிவு தேவையில்லை என்று தேர்வை நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே பாடத்திட்டத்தில் கூறியிருக்கிறது. உங்கள் கைடு எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். 2020-க்கு முந்தியது என்றால், அன்போடு கொடுத்த அத்தானுக்கு நன்றி சொல்லி, அதை மூடி வைத்துவிடுங்கள். நீங்கள் இதுவரை தயாரானது வேறொரு தேர்வுக்கு. உங்கள் மதிப்பெண் நகராததற்கு முதல் காரணம் அதுதான்.

மனப்பாடம் வீண் என்பதோடு நிற்காமல், சில இடங்களில் அது நேரடியாகக் கெடுதலும் செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். லீகல் ரீசனிங்கில் ஒரு பத்தி இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தம் நிலத்தில், வெளியேறினால் தீங்கு விளைவிக்கக்கூடிய பொருளைத் தம் பயனுக்காகக் கொண்டுவந்து சேர்த்து வைத்து, அது வெளியேறிப் பிறருக்குச் சேதம் ஏற்படுத்தினால், அவரிடம் கவனக்குறைவு எதுவும் இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பாவார், ஆயினும் மனித அறிவால் முன்கூட்டி எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றத்தால் அது வெளியேறியிருந்தால் அவருக்குப் பொறுப்பு இல்லை. இது ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் என்ற 1868-ஆம் ஆண்டு ஆங்கிலேய வழக்கிலிருந்து வளர்ந்த கடும் பொறுப்புக் கோட்பாடும், அதற்கு உள்ள விதிவிலக்கும் ஆகும். பத்திக்குக் கீழே கேள்வி: அமிலக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவரின் தொட்டி, அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டிராத பெருவெள்ளத்தில் உடைந்து, அமிலம் பக்கத்துத் தென்னந்தோப்பில் பாய்ந்துவிட்டது, கிடங்கின் உரிமையாளர் பொறுப்பாவாரா?

பத்தியை மட்டும் படித்தவர், விதிவிலக்கு பொருந்துவதால் பொறுப்பு இல்லை என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார். நீங்கள் என்ன செய்வீர்கள் என்றால், 1985-இல் டெல்லியில் நடந்த ஓலியம் வாயுக் கசிவையும், அதையொட்டி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அபாயகரமான தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு எந்த விதிவிலக்கும் இல்லாத முழுப் பொறுப்பை விதித்ததையும் நினைவுக்குக் கொண்டுவந்து, பொறுப்பு உண்டு என்று குறிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த சட்டம் உண்மையான சட்டம்தான். ஆனால் இந்தக் கேள்வி உங்களிடம் இந்தியச் சட்டம் என்ன என்று கேட்கவில்லை. கொடுத்த விதியைக் கொடுத்த நிகழ்வுக்குப் பொருத்தத் தெரியுமா என்று கேட்கிறது. பத்தியின் அடுத்த பாராவில் எம்.சி. மேத்தா தீர்ப்பின் விதி சொல்லப்பட்டு, இந்தியாவில் அதுவே பொருந்தும் என்றும் எழுதியிருந்தால் விடை தலைகீழாகிவிடும். அதே போல, கேள்வியில் "ஒவ்வோர் ஐப்பசியிலும் வெள்ளம் வரும் தாழ்வான இடம்" என்று ஒரு சிறு தகவலைச் சேர்த்துவிட்டால், எதிர்பார்க்க முடியாதது என்ற நிபந்தனை அடிபட்டுப் போய், விதிவிலக்கும் போய்விடும். தேர்வு வைப்பவர்கள் விளையாடும் இடம் இந்த நிபந்தனைகளில்தான் இருக்கிறது.

ஆகவே சட்டப் பத்தியைப் படிக்கும்போது கையில் பேனா இருக்கட்டும். விதி யாருக்குப் பொருந்தும், எந்த நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்தால் பொருந்தும், பொருந்தினால் என்ன விளைவு, எப்போது பொருந்தாது என்ற நான்கையும் பத்தியிலேயே அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு கேள்வியில் வரும் நிகழ்வை எடுத்து ஒவ்வொரு நிபந்தனையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிபந்தனை நிறைவேறவில்லை என்றாலும், பாதிக்கப்பட்டவர் மேல் எவ்வளவு இரக்கம் வந்தாலும், விதி பொருந்தாது. ஆங்கிலத்தில் "ஷால்" என்றால் கட்டாயம், "மே" என்றால் விருப்பத்துக்கு விடப்பட்டது. "அன்லெஸ்", "ஒன்லி இஃப்", "ப்ரொவைடட் தட்" என்று தொடங்கும் துணை வாக்கியங்களில்தான் பெரும்பாலும் விதிவிலக்கும் நிபந்தனையும் ஒளிந்திருக்கும். நீதிமன்றத்தில் ஒரு பிரிவின் ஒற்றைச் சொல்லை வைத்து நாங்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறோம். அந்த வாசிப்புப் பழக்கத்தின் தொடக்கம் இதுதான் என்பதால், இந்தப் பகுதியை நீங்கள் விரும்பிப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்படியானால் சட்டம் தொடர்பாக எதையுமே படிக்க வேண்டாமா என்று கேட்டால், மனப்பாடம் வேண்டாம், பழக்கம் வேண்டும் என்பேன். ஒப்பந்தம், தீங்கியல் (பிறருக்கு விளைவித்த தீங்குக்கு இழப்பீடு தருவது பற்றிய சட்டம்), குற்றவியல், அடிப்படை உரிமைகள் ஆகியவற்றின் சாதாரணச் சொற்கள் பத்தியில் வரும்போது மிரளாமல் இருக்கும் அளவுக்கு அறிமுகம் இருந்தால் படிக்கும் வேகம் கூடும். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது போன்ற மாற்றங்களைத் தெரிந்துவைத்திருப்பதும் நல்லது. அது நடப்பு நிகழ்வுப் பகுதிக்கும் உதவும். பழைய கைடில் உள்ள தண்டனைச் சட்டப் பிரிவு எண்கள் இனி அதற்கும்கூடப் பயன்படா.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இன்னும் அதிகமாக மாதிரித் தேர்வுகள் எழுத வேண்டாம். இப்போது எழுதுவதையே வெகுவாகக் குறையுங்கள். காய்ச்சல் மானியை அடிக்கடி வைத்துப் பார்ப்பதால் காய்ச்சல் இறங்காது. வாரம் இரண்டு முறை உங்கள் மதிப்பெண்ணை அளந்து பார்த்திருக்கிறீர்களே தவிர, இரண்டு அளவுகளுக்கு இடையே அதை மாற்றும் வேலை நடக்கவில்லை. தேர்வு எழுத ஆகும் நேரம் இரண்டு மணி என்றால், அதை ஆராய்வதற்கு நான்கு மணி நேரமாவது ஆக வேண்டும். என் மாணவர்களில் மதிப்பெண் உயர்ந்தவர்களையும் உயராதவர்களையும் பிரித்தது பெரும்பாலும் இந்த நான்கு மணி நேரம்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தேர்வு எழுதி முடித்ததும் விடைக் குறிப்பைத் திறக்காதீர்கள். எழுதும்போதே, சந்தேகத்தோடு குறித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள். அன்று மாலையோ மறுநாளோ, கடிகாரம் பார்க்காமல், புள்ளி வைத்த கேள்விகளை எல்லாம் மீண்டும் செய்யுங்கள். முதலில் குறித்த விடையை மாற்றத் தோன்றினால் வேறு நிறப் பேனாவால் புதிய விடையை எழுதுங்கள். அதன் பிறகுதான் விடைக் குறிப்பைப் பார்க்க வேண்டும். இப்போது உங்களிடம் இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். ஒன்று நேரக் கட்டுப்பாட்டில் பெற்றது, மற்றது நிதானமாகப் பெற்றது. முதலாவது 58, இரண்டாவது 85 என்று வந்தால், உங்களுக்குப் புரிகிறது, அவசரம்தான் கெடுக்கிறது என்று பொருள். 58-உம் 63-உம் என்று வந்தால் நிதானமாகப் படித்தும் புரியவில்லை. அப்போது செய்ய வேண்டிய வேலை வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் படிக்கும் எந்தத் திட்டமும் குருட்டுத் திட்டமே.

அடுத்து ஒரு தனி நோட்டு. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், சரியான விடை எது என்று குறித்துக்கொள்வதோடு முடித்துவிடாமல், நான் குறித்த விடை எனக்கு ஏன் சரியாகத் தோன்றியது என்று உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பிறகு, சரியான விடையைத் தாங்கும் வரி பத்தியில் எது என்று தேடி எழுதுங்கள். "பத்தியில் 'சில மாநிலங்கள்' என்று இருந்தது, நான் 'எல்லா மாநிலங்களும்' என்று சொல்லும் விடையை எடுத்துவிட்டேன்". "இரண்டு விடைகளில் ஒன்றைக் கழிக்க முடியவில்லை, நீளமானதை எடுத்தேன்". "கேள்வியில் 'நாட்' இருந்ததைக் கவனிக்கவில்லை" என்பது போல ஒவ்வொன்றும் ஓரிரு வரி போதும். மூன்று தேர்வுகளுக்கு இப்படி எழுதிவிட்டுத் திரும்பிப் படித்துப் பாருங்கள். நாற்பத்தெட்டும் நாற்பத்தெட்டு விதமான தவறுகளாக இருக்காது. நான்கைந்து பழக்கங்களே திரும்பத் திரும்ப வந்திருக்கும். பெயர் வைத்துச் சொல்ல முடிந்த பழக்கத்தைத்தான் அடுத்த தேர்வில் கையைப் பிடித்து நிறுத்த முடியும். குத்துமதிப்பாகப் போட்டுச் சரியாகிவிட்டவற்றையும் இந்த நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த மதிப்பெண்கள் அடுத்த முறை உங்களுடையவை அல்ல.

தாள்களைப் பொறுத்தவரை, 2020 முதல் நடந்த உண்மையான கிளாட் வினாத்தாள்களே முதன்மையானவை. கூட்டமைப்பின் இணையதளத்திலேயே முந்தைய வினாத்தாள்கள் கிடைக்கின்றன. பயிற்சி நிறுவனங்களின் மாதிரித் தாள்கள் தரத்தில் ஏற்றத்தாழ்வு உள்ளவை. சிலவற்றில் இரண்டு விடைகள் சரியாகத் தோன்றும், சிலவற்றில் பத்திக்கு வெளியே இருந்து கேட்பார்கள். அவற்றை நேரப் பழக்கத்துக்கு வைத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன நுணுக்கமான ஆய்வை உண்மையான தாள்களில் செய்யுங்கள். அவற்றில் இரண்டைத் தொடாமல் நவம்பருக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

லாஜிக்கல் ரீசனிங் பகுதியிலும் சிக்கல் ஏறத்தாழ இதேதான், ஆனால் பொறி வேறு விதமானது. ஒரு சிறு வாதத்தைப் பாருங்கள்: "நகராட்சி நூலகத்தின் வேலை நேரத்தை இரவு 9 மணி வரை நீட்டித்து ஓராண்டு ஆகியும் உறுப்பினர் எண்ணிக்கை உயரவில்லை; எனவே நேர நீட்டிப்பால் பயன் இல்லை." இதைப் பலவீனப்படுத்தும் கூற்று எது என்று கேட்டால், "வாசிப்பு மாணவர்களின் மொழித்திறனை வளர்க்கிறது" என்பது ஒரு விடையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அது உண்மை, நல்ல கருத்து, உங்களுக்கும் எனக்கும் பிடித்த கருத்து. ஆனால் அது இந்த வாதத்தைத் தொடவே இல்லை. "ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர்கள் மாலையில் வந்து படிக்கும் நேரம் இருமடங்காகியிருக்கிறது" என்பதுதான் வாதத்தின் அடியில் கை வைக்கிறது, ஏனென்றால் பயன் என்றால் புதிய உறுப்பினர்கள் என்று அந்த வாதம் சொல்லாமலேயே வைத்துக்கொண்டிருக்கும் அனுமானத்தை அது உடைக்கிறது. எந்தப் பத்தியானாலும், முடிவு என்ன, அதற்குச் சொல்லும் காரணம் என்ன, இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விட்டது என்ன என்று மூன்றையும் விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். விடைகளை முதலில் படித்தால் நான்கும் நல்லவையாகத் தோன்றும்.

தமிழ் வழிக் கல்வி பற்றிய உங்கள் கவலையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. பத்தி ஒன்று ஏறக்குறைய 450 சொற்கள் வரை வரும். இருபதுக்கு மேற்பட்ட பத்திகள். கேள்விகளையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தில் 10,000 சொற்களுக்கு மேல் படித்தாக வேண்டும். சிறு வயது முதல் ஆங்கிலத்தில் படித்தவருக்கு இது எளிது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அந்த இடைவெளி வாசிப்புப் பழக்கத்தின் இடைவெளி; ஐந்து மாதத்தில் கணிசமாகக் குறைக்கக்கூடியது. அகராதி வரிசையில் சொற்பட்டியல் மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரை ஒன்றும் படியுங்கள். தி இந்து, இந்தியன் எக்ஸ்பிரஸ் இரண்டில் எதுவானாலும் சரி. படித்து முடித்ததும் பத்திரிகையை மூடிவிட்டு, இந்தக் கட்டுரையாளர் எதை நிலைநாட்ட முயல்கிறார், யாருடைய கருத்தை மறுக்கிறார் என்று தமிழில் இரண்டே வாக்கியங்களில் எழுதுங்கள்.

தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், கட்டுரையின் வரிகளையே கொஞ்சம் மாற்றிப் போட்டு, புரிந்துவிட்டது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியும். நன்றாகத் தெரிந்த மொழியில் எழுதும்போது புரியாத இடம் உடனே தெரிந்துவிடும். முதல் சில வாரங்கள் ஒரு கட்டுரைக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம், ஆகட்டும். பொருள் தெரியாத சொல்லை முதலில் சூழலை வைத்து ஊகித்து, பிறகு அகராதியில் சரிபாருங்கள். தேர்வு அறையில் அகராதி இல்லை என்பதால் ஊகிக்கும் பழக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே. செப்டம்பருக்குள் இதே அளவுக் கட்டுரையை எட்டு, பத்து நிமிடத்தில் முடித்து முழுப் பொருளையும் சொல்லும் நிலைக்கு வரப் பாருங்கள். முதல் வாரத்தின் வேகத்தையும் எட்டாவது வாரத்தின் வேகத்தையும் குறித்து வைத்தால், முன்னேற்றம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

நடப்பு நிகழ்வுகள் பகுதியில் மட்டும் பத்தியைப் படிப்பது போதாது. பத்தி ஒரு செய்தியைத் தொட்டுக் காட்டும். கேள்விகள் அந்தச் செய்தியின் பின்னணிக்குப் போகும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பற்றிய பத்தி என்றால், தீர்ப்பு வழங்கிய அமர்வு, சம்பந்தப்பட்ட அரசமைப்புப் பிரிவு, இதற்கு முந்தைய தீர்ப்பு என்று கேட்பார்கள். எனவே நாள் வாரியாகத் துணுக்குகள் எழுதுவதை விட, தலைப்பு வாரியாகப் பக்கம் ஒதுக்கி, ஒரே விவகாரம் பற்றிய புதிய செய்தி வரும்போதெல்லாம் அதே பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போவது மேலானது. இங்கே உங்கள் தமிழ் உங்களுக்குப் பெரிய துணை. செய்தியின் பின்னணியைத் தமிழ் நாளிதழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் படித்தால் நேரம் மிச்சமாகும். தேர்வில் இந்தப் பகுதியை முதலில் எடுத்து 12 நிமிடங்களுக்குள் முடிக்கப் பாருங்கள். தெரிந்தால் தெரியும், யோசிப்பதால் நினைவுக்கு வராது. இங்கே மிச்சமாகும் நேரம்தான் சட்டப் பகுதியில் நிதானமாகப் படிக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

கணக்குப் பகுதி பத்தாம் வகுப்பு அளவுதான். விகிதம், சதவீதம், சராசரி, லாப நட்டம், அட்டவணையைப் படித்துக் கணக்கிடுவது ஆகியவற்றில் நாள்தோறும் 20 நிமிடங்கள் போதும். வணிகவியல் மாணவியான உங்களுக்கு இது கூடுதல் பலம். பன்னிரண்டு கேள்விகள்தானே என்று பலர் கைவிடும் இடத்தில் நீங்கள் முன்னேறலாம். கால்குலேட்டர் கிடையாது என்பதால் மனக்கணக்குப் பழக்கம் மட்டும் விட்டுப்போகக் கூடாது.

நெகட்டிவ் மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். நான்கு விடைகளில் இரண்டை உறுதியாகக் கழித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், சராசரியாக ஒரு கேள்விக்கு 0.375 மதிப்பெண் லாபம். ஒன்றை மட்டும் கழிக்க முடிந்தால் லாபம் ஏறத்தாழ 0.17. எதையும் கழிக்காமல் குருட்டுத்தனமாகக் குறித்தால் 0.06 மட்டுமே, அது அதிர்ஷ்டத்துக்கு விட்டதற்குச் சமம். ஆகவே கால் மதிப்பெண் போய்விடுமே என்று பயந்து, பாதி தெரிந்த கேள்வியை விடுவதும் தவறு. படிக்காத பத்தியின் கேள்விகளுக்கு எல்லாம் கடைசி நிமிடத்தில் குறித்துத் தள்ளுவதால் பெரிதாகக் கிடைக்கப்போவதும் இல்லை. உங்கள் விஷயத்தில் 118-ஐத் தொட வேண்டும் என்ற இலக்கை இப்போதைக்குக் கைவிட்டு, 100 முதல் 105 கேள்விகளை ஒழுங்காகச் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். 105-இல் 85 சரியானால் உங்கள் மதிப்பெண் 80. இப்போது நீங்கள் பெறுவதை விட 22 அதிகம். துல்லியம் பிடிபட்ட பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம்.

மாதங்களைப் பிரிப்பது பற்றி. இப்போது ஜூலை. ஆகஸ்ட் முடியும் வரை இரு வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு போதும். மற்ற நாட்களில் நாளுக்கு இரண்டு மூன்று பத்திகள், அவற்றின் ஆய்வு, நாளிதழ் வாசிப்பு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வருவதால் கிளாட் வேலையை வாசிப்போடு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் வாரம் ஒரு முழுத் தேர்வு. தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நடப்பதால், ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் அதே நேரத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகுங்கள். கணினித் திரையில் எழுதாமல், தாளில் அச்செடுத்து, ஓஎம்ஆர் விடைத்தாளில் பேனாவால் வட்டங்களை நிரப்பி எழுதுங்கள். 120 வட்டங்களை நிரப்பவே சில நிமிடங்கள் போகும் என்பதும், ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது வரிசை மாறிவிடும் ஆபத்தும் திரையில் பயில்பவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதன் விடைகளை மொத்தமாக மாற்றிக் குறிக்கும் முறை இதற்கு நல்ல பாதுகாப்பு.

கடைசியாக, ஓராண்டு இடைவெளி பற்றிய கேள்வி. கிளாட் எழுத வயது உச்சவரம்பு இல்லை. பிளஸ் டூவில் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 சதவீதமும் மதிப்பெண் இருந்தால் மீண்டும் எழுதத் தடை ஏதும் இல்லை. ஆனாலும், வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்காக ஓராண்டை ஒதுக்கச் சொல்லி இப்போதே நான் ஆலோசனை கூற மாட்டேன். தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளிலும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கான சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் உயர் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் சிறப்பாக வாதாடுவதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். எனவே கிளாட்டுக்காகப் பொதுத் தேர்வைப் பலி கொடுத்துவிடாதீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் கிளாட் முடிந்த மறுநாளிலிருந்து மார்ச் வரை முழுக் கவனமும் அதற்குத்தான். கிளாட்டில் கிடைக்கும் தரவரிசையைப் பொறுத்து திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமோ வேறு மாநிலத்தில் உள்ளதோ கிடைத்தால் மகிழ்ச்சி. டெல்லியின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்ற தனித் தேர்வு நடத்துகிறது. அதுவும் டிசம்பரில்தான் வரும், தயாரிப்பில் பெரும்பகுதி பொதுவானது என்பதால் வீட்டில் கட்டணத்துக்கு வழியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். எதிலும் கிடைக்காமல் அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தாலும், பட்டம் பெற்றபின் முதுநிலைக்கான கிளாட் எழுதி இதே தேசியப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். சேரும் வழி திறந்தே இருக்கிறது.

இடைவெளி விடுவதா என்ற முடிவை டிசம்பர் மதிப்பெண் வந்த பிறகு அந்த நோட்டை வைத்துக்கொண்டு எடுங்கள். நோட்டில் உள்ள தவறுகள் குறைந்துகொண்டே வந்து, நேரம் போதாமல் சில மதிப்பெண்களில் தவறியிருந்தால், இன்னொரு முயற்சிக்கு நியாயம் உண்டு; அதையும் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே செய்ய முடியுமா என்று அப்பாவோடு கலந்து பேசுங்கள். ஏப்ரலில் இருந்த அதே தவறுகள் நவம்பரிலும் அப்படியே இருந்தால், இன்னோர் ஆண்டும் அதே போலத்தான் போகும். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் கடைசியாக எழுதிய தாளை எடுத்து, அந்த 48 கேள்விகளையும் விடைக் குறிப்பை மூடி வைத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். எத்தனை சரியாகிறது என்று எனக்கு எழுதினால், அடுத்து எதில் கை வைப்பது என்று இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.